நூறு வாட் எங்கே போகிறது?

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எத்தனை வாட்ஸ்?" அம்பத்தூர் ஓ.டி. கடையாக இருந்தாலும், ஆவடி மார்க்கெட்டாக இருந்தாலும், மின்சார ரயில் பிடித்துப் போகிற ரிச்சி தெருவாக இருந்தாலும் கேள்வி மாறாது. பதிலும் மாறாது. கடைக்காரர் ரிசீவரின் அட்டைப்பெட்டியைத் திருப்பி 100 என்ற எண்ணைக் காட்டுவார். ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பி அங்கேயும் 100 என்று காட்டுவார். "நூறுக்கு நூறு, கரெக்டா செட் ஆவும் சார்." பேச்சு முடிந்து பில் போட்டாகிவிடும்.

இந்த இரண்டு நூறும் ஒன்றல்ல. ரிசீவரின் நூறு, அது எவ்வளவு மின்திறனைத் தர முடியும் என்கிறது. ஸ்பீக்கரின் நூறு, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் எவ்வளவு தாங்கும் என்கிறது. சத்தம் எவ்வளவு வரும்? வசனம் தெளிவாகக் கேட்குமா? பாதிப் படத்தில் ரிசீவர் சூடேறி நின்றுவிடுமா? இவற்றுக்கு அந்த இரண்டு எண்ணிலும் பதில் கிடையாது. பதில் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: நீங்கள் உட்காரும் கூடம், ஸ்பீக்கரின் உணர்திறன், அதன் ஓம். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எத்தனை வாட் வேண்டும் என்பது கணக்கின் கடைசி வரியில் தானாக வந்து நிற்கும்.

பெட்டிமேல் எழுதிய எண்

முதலில் அந்த எண்ணின் பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம். 1990களில் டூ-இன்-ஒன் வாங்கியவர்களுக்கு 'பி.எம்.பி.ஓ.' (கண நேர உச்சத் திறன்) என்ற எழுத்துகள் நன்றாக நினைவிருக்கும். இன்றும் மலிவான டவர் ஸ்பீக்கர்களில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதே செட்டோடு வரும் அடாப்டரைக் கையில் எடுத்து, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கிறதென்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 36 வாட். சுவரிலிருந்து 36 வாட்டுக்கு மேல் உள்ளே போகாத ஒரு பெட்டியிலிருந்து 2000 வாட் தொடர்ந்து வெளியே வரமுடியாது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அந்த விதிக்கு விளம்பரத்துறை விலக்கல்ல. மிச்ச வாட்டெல்லாம் அட்டையில்தான் இருக்கிறது.

நல்ல கம்பெனி ரிசீவர்கள் இப்படி அப்பட்டமாகப் புளுகுவதில்லை. ஆனால் அவற்றின் எண்ணும் எந்த நிலையில் அளந்தது என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும். ஒரு ரிசீவர் இரண்டு சேனல்கள் ஒன்றாக ஓடும்போது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒலி சற்றும் சிதையாமல் 80 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பெட்டியை 6 ஓமில் அளந்தால் எண் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒலிச்சிதைவை 10 சதவீதம் வரை அனுமதித்தால் மேலும் கால் பங்கு கூடும். இப்போதே 130ஐத் தாண்டிவிட்டோம். எல்லா அதிர்வெண்களையும் விட்டுவிட்டு 1000 ஹெர்ட்ஸில் மட்டும், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டினால் 140, 150 என்றுகூட எழுதலாம். ஒரு பொய்யும் சொல்லாமல் 80 இரட்டிப்பை நெருங்கிவிட்டது.

அமெரிக்காவில் இந்த வாட் போட்டி எல்லை மீறியதால்தான் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது: வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வாட்டை விளம்பரப்படுத்தினால் எத்தனை ஓம், எந்த அதிர்வெண் எல்லை, எவ்வளவு சிதைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். பல சேனல் ரிசீவர்கள் வந்தபின் ஓட்டைகள் பெருகியதால் 2024இல் அதை மறுபடி இறுக்கினார்கள். நமக்கு வேண்டிய பாடம் சுருக்கமானது. பெட்டியின் முகப்பில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல்' என்ற வரியைத் தேடுங்கள். அதுதான் ஒப்பிடத் தகுந்த எண்.

காதின் கணக்கு வேறு

சரி, நிஜமான 80 வாட் ரிசீவர் ஒன்று, நிஜமான 100 வாட் ரிசீவர் ஒன்று. விலை வித்தியாசம் பல ஆயிரம். சத்தத்தில் எவ்வளவு வித்தியாசம் கேட்கும்?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நம் காது ஒலியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை. மடங்குக் கணக்கில் அளக்கிறது. அதனால்தான் டெசிபெல் என்ற அளவை மடக்கை முறையில் அமைத்தார்கள். மின்திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். கவனித்துக் கேட்பவருக்குத் தெரியும் அளவு. பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல். அப்போதுதான் பெரும்பாலோர் "சத்தம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு" என்பார்கள். 80க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபெல். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் தெரியாமல் அவ்வளவு மாற்றிவிடலாம்.

ஸ்பீக்கரின் பக்கம் கதை வேறு. அதன் விவரத்தாளில் 'உணர்திறன்' என்று ஓர் எண் இருக்கும்: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். சந்தையில் கிடைக்கும் சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள் 84, 85 டெசிபெல்லில் தொடங்கும். பெரிய டவர்கள் 90ஐத் தாண்டும். 87 உள்ளதற்குப் பதில் 92 உள்ளதை வாங்கினால் 5 டெசிபெல் லாபம். அதே 5 டெசிபெல்லை ரிசீவரில் வாங்க வேண்டுமென்றால் 80 வாட்டுக்குப் பதில் 250 வாட் வேண்டும். அவ்வளவு வலுவான ஆம்ப்ளிஃபையர் தனி எடை, தனி விலை.

இதில் ஒரு எச்சரிக்கை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் கொடுத்தால் அது இரண்டு வாட் இழுக்கும். ஆக, விவரத்தாளில் 90 என்று போட்டிருந்தாலும் ஒரு வாட்டுக்கு அது 87தான். எண்ணோடு ஓமையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு கூடம்

கணக்கைக் காகிதத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோவோம். அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை அடுக்ககம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடம் 16க்கு 12 அடி, உயரம் 10 அடி. தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். டி.வி. இருக்கும் சுவரிலிருந்து சோபா 3 மீட்டர். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல், 8 ஓம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு வரும்போது 9.5 குறைகிறது. வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதற்கு 3 டெசிபெல் வரவு வைப்போம். ஆக, ஒரு வாட் கொடுத்தால் சோபாவில் சுமார் 80 டெசிபெல்.

மாலையில் குடும்பத்தோடு படம் பார்க்கும்போது வசனம் 70 டெசிபெல் அளவில் இருந்தால் தாராளம். அதற்குத் தேவை எவ்வளவு? 80ஐவிட 10 குறைவு, அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. படத்தின் பெரும்பகுதி நேரம் உங்கள் நூறு வாட் ரிசீவர் செலவழிப்பது ஒரு வாட்டைவிடக் குறைவு!

பின் எதற்கு எண்பதும் நூறும்? வெடிச்சத்தத்துக்கு. திரைப்பட ஒலியில் சராசரிக்கும் உச்சத்துக்கும் 20 டெசிபெல் இடைவெளி சாதாரணம். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. பத்தில் ஒரு வாட் பேச்சுக்கு, கண் இமைக்கும் நேர வெடிக்குப் பத்து வாட். தியேட்டரில் ஒலிக்கலவை செய்பவர்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சேனலின் உச்சமும் பார்வையாளரின் இருக்கையில் 105 டெசிபெல் வரை போகலாம். அதை நம் கூடத்தில் கொண்டுவர 25 டெசிபெல் கூடுதல் வேண்டும். அதாவது 300 வாட்டுக்கு மேல். ஆனால் அடுக்ககத்தில் அந்த அளவுக்கு வைத்தால் படம் முடிவதற்குள் அசோசியேஷன் செயலாளர் கதவைத் தட்டிவிடுவார். வீட்டில் பெரும்பாலோருக்குப் பிடித்த அளவு அதைவிட 10 டெசிபெல் கீழே. அப்போது தேவை பத்தில் ஒன்றாகிறது: 32 வாட். கையேட்டின் வரியில் நிஜமாக 80 வாட் இருந்தால் மிச்சமும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஓர் எண் இருக்கிறது: அறையில் ஏற்கெனவே இருக்கும் சத்தம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் குடியிருப்பும் தெருவுக்குத் தெரு கலந்து கிடக்கின்றன. அரக்கோணம் மார்க்கத்து ரயில்கள் அம்பத்தூர், ஆவடி வழியாக நாள் முழுக்க ஓடுகின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு இரவு பகல் கிடையாது. இதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே, முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறி.

படத்தில் ஒருவர் கிசுகிசுப்பது மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போனால் நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டை எடுத்து ஒலியை ஏற்றுகிறோம். கிசுகிசுப்பு 10 டெசிபெல் ஏறும்போது அடுத்த காட்சியின் வெடியும் 10 டெசிபெல் ஏறுகிறது. ரிசீவரின் தேவை பத்து மடங்காகிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாலைப் பக்க ஜன்னலை இறுக்கமாக மூடி, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, அறையின் சத்தத்தை 10 டெசிபெல் இறக்கினால், அது பத்து மடங்கு பெரிய ரிசீவர் வாங்கியதற்குச் சமம். ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் ரப்பர் பட்டைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

ஓம் என்னும் வாசல்

சத்தத்தின் கணக்கு முடிந்தது. ரிசீவரின் உடல்நலக் கணக்கு இனிமேல்தான். அதை முடிவு செய்வது ஸ்பீக்கரின் ஓம், அதாவது மின்மறுப்பு.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் வோல்ட். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஓம். குழாயில் ஓடும் தண்ணீர் ஆம்பியர். அரை அங்குலக் குழாயைக் கழற்றி ஓர் அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஊற்றும். ஆனால் போர் மோட்டாரால் அதே வேகத்தில் தொட்டியை நிரப்ப முடியாவிட்டால் தொட்டி காலி. 4 ஓம் ஸ்பீக்கர் அந்த அகலக் குழாய். 80 வாட் ரிசீவர் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தன் உச்சத்தில் சுமார் 25 வோல்ட் கொடுக்கிறது. ஓடுவது 3 ஆம்பியர் சொச்சம். அதே 25 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 6 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டர்களும் அதற்கேற்பச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு ஏறும், பாதுகாப்புச் சுற்று 'டக்' என்று ரிசீவரை அணைத்துவிடும்.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதிய ஓமும் ஒரு சராசரிப் பேச்சுதான். 8 ஓம் ஸ்பீக்கர் ஓர் அதிர்வெண்ணில் 30 ஓம் காட்டும், இன்னொன்றில் 6.5க்கு இறங்கும். சர்வதேசத் தரவிதி, எழுதியிருக்கும் ஓமில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது என்கிறது. அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் 6.4 வரை, 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 வரை இறங்கலாம். எல்லா கம்பெனிகளும் இதை மதிப்பதில்லை. எனவே விவரத்தாளில் 'குறைந்தபட்ச மின்மறுப்பு' என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதையே நம்புங்கள். பெரும்பாலான நடுத்தர விலை ரிசீவர்களுக்கு 6 முதல் 8 ஓம் ஸ்பீக்கர்கள் நிம்மதி. 4 ஓம் ஸ்பீக்கர் மேல் மனது வைத்துவிட்டால், 4 ஓமுக்கு ஏற்றது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் ரிசீவரைத்தான் தேட வேண்டும்.

சில ரிசீவர்களின் மெனுவில் ஓம் தேர்வு ஒன்று இருக்கும். 4 அல்லது 6 ஓம் என்று மாற்றினால் ரிசீவருக்குப் புதுப் பலம் வந்துவிடாது. அது தன் உள் வோல்ட்டைக் குறைத்துக்கொண்டு சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. உச்சத் திறனும் சேர்ந்தே குறையும்.

இந்த ஓம் கணக்கைப் பட்டப்படிப்பு இல்லாமலே கரைத்துக் குடித்தவர்கள் நம் மைக் செட்காரர்கள். ஆடி மாதத்தில் திருவேற்காடு, மாங்காடு பக்கம் போனால் தெரு நீளத்துக்குக் கம்பங்களில் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒரே ஆம்ப்ளிஃபையர், பத்துப் பன்னிரண்டு கூம்புகள். எல்லாவற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று பக்க இணைப்பில் கோத்தால் மொத்த ஓம் ஒன்றுக்கு அருகில் இறங்கி ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிடும். அதனால் 100 வோல்ட் லைன் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர். 10 வாட் முனையில் இணைத்தால் அந்தக் கூம்பு லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும். பத்துக் கூம்புகள் சேர்ந்தால் 100 ஓம். மொத்தம் 100 வாட். கூம்புகளின் வாட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு என்பதால் நீண்ட வயரில் இழப்பும் குறைவு.

வீட்டில் அந்த வசதி இல்லை. வயரின் ஓம் நேராக ஸ்பீக்கரின் ஓமோடு சேரும். பின்பக்க ஸ்பீக்கருக்குச் சுவரோரமாக 10 மீட்டர் வயர் என்றால் போக வர 20 மீட்டர். மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.7 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஆறில் ஒரு பங்கு. எலெக்ட்ரீஷியன் லைட் பாயின்ட்டுக்கு இழுக்கும் சாதாரண 1.5 செம்பு வயரில் அது கால் ஓமுக்கும் குறைவு. அதுவே போதும். மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் 'ஆடியோஃபைல்' வயருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

தாழ்ந்த சுரத்துக்குத் தனி ஆள்

ரிசீவரை மூச்சு வாங்க வைப்பது பேஸ். ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், கொண்டுவர, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் ஐந்தங்குல ஸ்பீக்கர், 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸில் பதினாறு மில்லிமீட்டர் அசைய வேண்டும். அவ்வளவு தூரம் அதற்கு இடமே இல்லை.

அதனால்தான் சப்-ஊஃபர் தன் ஆம்ப்ளிஃபையரைத் தானே சுமந்து வருகிறது. ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர்களை 'சிறியது' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் அதற்குக் கீழே உள்ள பாரமெல்லாம் சப்-ஊஃபருக்குப் போய்விடும். ரிசீவருக்குச் சுமை குறையும். சிறிய ஸ்பீக்கரின் குரலும் தெளியும். ஆளுயர டவர் வாங்கியவர்களுக்கு அதைச் 'சிறியது' என்று வைக்க மனம் வராது. மானப் பிரச்சினையாக நினைக்காமல் வைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை. சுவர் எவ்வளவு கனமோ, அதிர்வெண் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு ஒலி தடுக்கப்படும். ஒன்பதங்குலச் செங்கல் சுவர் வசனத்தை அமுக்கிவிடும்; 40 ஹெர்ட்ஸ் அதைத் தாண்டிப் போய்விடும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரென்றால் கேட்கவே வேண்டாம். பொதுச் சுவரில் சாய்த்து சப்-ஊஃபர் வைப்பது பகையை வளர்க்கும்.

சின்ன ரிசீவர், கருகிய ட்வீட்டர்

"ஸ்பீக்கர் 60 வாட், ரிசீவர் 100 வாட், ஸ்பீக்கர் போயிடுமே?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ரிசீவர் தன்னால் முடிந்ததையெல்லாம் ஸ்பீக்கரில் கொட்டுவதில்லை. வால்யூம் கேட்கும் அளவுக்கே கொடுக்கும். ஆபத்து பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வருகிறது. பிறந்தநாள் விருந்துக்குப் பாட்டுப் போட்டு, சக்தி குறைந்த ரிசீவரை முழுக்கத் திருகும்போது அதன் வோல்ட் ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியாமல் அலையின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. முற்றிலும் வெட்டுண்ட அலையில் அதே உயரமுள்ள முழு அலையைவிட இரண்டு மடங்கு திறன் இருக்கும். சராசரித் திறன் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட முனைகளில் உயர் அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும். இவற்றையெல்லாம் வாங்கிக்கொள்வது உயர் அதிர்வெண்களுக்கென்று ஸ்பீக்கரில் இருக்கும், முடிபோன்ற கம்பியால் சுற்றிய ட்வீட்டர். சில வாட் தாங்கும் பொருள் அது. முதலில் குரல் கரகரக்கும், பிறகு வார்னிஷ் கருகும் வாசம், பிறகு மௌனம். கரகரப்பு கேட்ட நொடியிலேயே ஒலியைக் குறைப்பதுதான் காப்பீடு.

நம் ஊரில் லோ வோல்டேஜ் பயமும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரிசீவரில் 230 வோல்ட் 207க்கு இறங்கினால் உச்சத் திறன் 19 சதவீதம் குறையும். டெசிபெல்லில் அது ஒன்றுக்கும் கீழ், காதுக்குத் தெரியாது. உண்மையான எதிரி வெப்பம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி. கண்ணாடிக் கதவு போட்ட டி.வி. யூனிட்டுக்குள் ரிசீவரைத் திணித்து, அதன் தலையில் செட்-டாப் பாக்ஸையும் வைத்தால் உள்ளே என்ன ஆகும்? மின்தேக்கிகளின் ஆயுள் 10 டிகிரி வெப்பம் கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. மேலே ஒரு சாண் இடம் விட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் 120 வோல்ட்டுக்கானது என்பதையும் பிளக்கைச் செருகும் முன் பார்த்துவிடுங்கள்.

சுவர்களும் வாசிக்கின்றன

ரிசீவரும் ஸ்பீக்கரும் பொருந்திவிட்டாலும் மூன்றாவதாக ஒரு கருவி இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு முன் காலி வீட்டில் கைதட்டிப் பாருங்கள். ஒலி நெடுநேரம் சுற்றிச் சுற்றி வரும். வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அதை நம் 16க்கு 12 கூடத்தில் போட்டால், சிமென்ட் பூச்சும் டைல்ஸும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே விழுங்கும் என்று வைத்தால், எதிரொலி அடங்க ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடிக்குள் கதாநாயகன் நான்கு வாக்கியம் பேசிவிடுவான். துணி சோபா, கனத்த திரைச்சீலை, ஒரு ஜமக்காளம், புத்தக அலமாரி ஆகியவை வந்ததும் அது ஒரு விநாடிக்குள் அடங்கும். "வசனமே புரியல" என்ற புகாருக்கு ரிசீவரை மாற்றுவதற்கு முன் திரைச்சீலையை மாற்றிப் பார்ப்பது அறிவியல்.

பேஸுக்கு ஜமக்காளம் உதவாது. ஒலியின் வேகம் நம் வெப்பத்தில் விநாடிக்கு சுமார் 350 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே மத்தளம்போல் அதிரும். 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், 16 அடிக்கு 36. சுவரோரம் பேஸ் இடிக்கும், நடுக்கூடத்தில் அதே சுரம் காணாமல் போகும். ரிசீவரோடு வரும் மைக்கைச் சோபாவில் வைத்து ஓட்டும் தானியங்கிச் சீரமைப்பு, மேடுகளை வெட்டிச் சமன் செய்யும். பள்ளங்களை அதனால் நிரப்ப முடியாது. சப்-ஊஃபரையோ சோபாவையோ இரண்டடி நகர்த்துவதுதான் மருந்து. அந்தச் சீரமைப்பு எவ்வளவு நுட்பமானது என்பது, இரண்டு ரிசீவர்களுக்கு இடையே தேர்வு செய்யும்போது 20 வாட் வித்தியாசத்தைவிடப் பெரிய விஷயம்.

சேனல்களின் எண்ணிக்கையும் இப்படியே. 2012இல் முப்பரிமாணத்தில் மறுவெளியீடான 'சிவாஜி' மூலம், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் தமிழுக்கு வந்தது. இப்போது ஓ.டி.டி. வழியாக வீட்டுக்கும் வருகிறது. கூரையில் ஸ்பீக்கர் பதிக்க ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் அப்போதே வயர் இழுத்துவிடலாம். ஆனால் ஒன்பது சேனல் ரிசீவர் என்றால் ஒன்பதும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் சாப்பிட வேண்டும். 12 அடிக் கூடத்தில் நல்ல ஐந்து ஸ்பீக்கர்கள், சுமாரான ஒன்பதை வெல்லும். அந்த ஐந்திலும் வசனத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கர். அதை இடது வலது ஸ்பீக்கர்களின் தயாரிப்பு வரிசையிலிருந்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் திரையின் குறுக்கே நடக்கும்போது குரல் மாறிக்கொண்டே போகும்.

கடைக்குப் போகும் முன்

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் டேப்பை எடுத்து டி.வி. சுவரிலிருந்து சோபா வரை அளந்து எழுதுங்கள். இரண்டாவது, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கு. ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. தலைமுறை சில ஆண்டுகளில் பழசாகும்; நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். மூன்றாவது, அதன் உணர்திறனையும் குறைந்தபட்ச ஓமையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது, அந்த ஓமைத் தாங்கும் ரிசீவர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். மின்திறனை ஐந்தாவதாகப் பார்க்கலாம்.

மூன்று மீட்டர் தூரம், 87 டெசிபெல், 8 ஓம் என்றால், இரண்டு சேனல் ஓடும்போது நிஜமாக 80 வாட் தரும் ரிசீவர் போதும். 84 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு திறன் தேவை. சோபா ஐந்து மீட்டருக்குப் போனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடைக்காரர் "இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டா நூறு வாட் வந்துடும் சார்" என்று சொன்னால், அந்த ஒரு டெசிபெல்லை அவரிடமே விட்டுவிட்டு, அந்தப் பத்தாயிரத்தைச் சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள்.